புத்தகத்தில் ஏறிய அத்தை

என் கல்யாணம் ஸ்பானிய மொழியால் நின்றுபோகப் பார்த்தது என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. இலங்கை மலையில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், பாதி வருஷம் மழையும் மீதி வருஷம் மூடுபனியுமாகக் கிடக்கும் ஒரு மலை மடிப்பில், ஸ்பானிய மொழிக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு வேலையும் இல்லை. நான்தான் வலியப் போய் அதை இழுத்து வந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குள் விட்டேன். என் மனைவி இதைச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. நாடு சுதந்திரம் வாங்கி, எங்கள் ஜனங்களுக்கு மட்டும் குடியுரிமை இல்லை என்று வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, பாதி வெளுத்துப்போன ஒரு கரும்பலகை. தோட்டத்து மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா படித்து முடித்த இங்கிலீஷ் பேப்பரை மூன்று நாள் கழித்து வாங்கிப் படிக்கிறவன் என்பதால், அந்த மலையிலேயே பெரிய படிப்பாளி நான்தான் என்று எனக்கு ஓர் எண்ணம். கோபமும் மூக்குக்கு மேல் வரும். இந்த இரண்டும் சேர்ந்த ஒருவனைத் திருத்த யாரும் முயலவில்லை, ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி என் அத்தை மகள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. எனக்கு அவள்தான் என்று நாங்கள் தவழும் காலத்திலேயே முடிவாகிவிட்டது. எங்கள் இருவரையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று இன்றுவரைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது.

தோட்டத்தில் கால்வாசிப் பேர் நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர்கள். தொழிற்சாலைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோவில் எங்களுக்கு இருந்தது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாகப் புதிதாக ஒரு சாமியார் வந்தார். ஸ்பெயின்காரர். முப்பது வயசு இருக்கும். குளிரில் காது இரண்டும் சிவந்திருக்கும். ஏற்றம் வந்தால் நின்றுவிடும் ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். பாதி நேரம் அதை அவர்தான் சுமந்து வந்தார். தமிழைக் கப்பலில் வரும்போது ஏதோ பழைய புத்தகத்தில் படித்திருந்தார். கூடையோடு மலையிறங்கும் பெண்களைப் பார்த்து, "மாதர்காள், நீவிர் நலமா?" என்று கேட்பார். அவர்கள் திரும்பிப் பார்த்து, தங்களுக்குப் பின்னால் யாரோ பெரிய மனுஷிகள் வருகிறார்கள் என்று நினைத்து வழிவிடுவார்கள்.

அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. எனக்கும் அரைகுறை. இரண்டு அரைகுறையும் சேர்ந்து எங்களுக்குள் பேச்சு நன்றாகவே ஓடியது. வந்த இரண்டாம் மாதம் ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தோட்டத்து வேதக்காரக் குடும்பங்களையெல்லாம் அதில் எழுத வேண்டும். யார் யாருடைய பிள்ளை, யாருக்கு யார் என்ன உறவு. தனக்கு மனசில் ஓடுவது ஸ்பானியம்தான், அதனால் அதிலேயே எழுதப்போவதாகச் சொன்னார். கூட வந்து விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

நான் சும்மா சரி என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "உறவு வார்த்தையெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்துருங்க சாமி. நானே ஒங்க பாஷையில சொல்லிடுறேன்" என்றேன். ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாத பாஷை எனக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பில் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாடம், பிள்ளைகள் போன பிறகு பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. அவர் தன் குடும்பத்துப் படம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வெள்ளைச் சுவர் வீட்டுக்கு முன்னால் பதினாலு பேர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொருவராக விரல் வைத்தார். அப்பா பாத்ரே. அம்மா மாத்ரே. கூடப்பிறந்தவன் எர்மானோ, கூடப்பிறந்தவள் எர்மானா. நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். ஓரமாகக் கறுப்பு உடையில், உதட்டை இறுக்கிக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார்.

"தீயா" என்றார் சாமியார்.

"அப்பா கூடப் பொறந்தவங்களா, அம்மா கூடப் பொறந்தவங்களா?"

"இரண்டும் ஒன்றுதான். தீயா என்றால் தீயா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எப்படிங்க சாமி ஒண்ணாகும்? அப்பா கூடப் பொறந்தவங்க அத்தை. அம்மா கூடப் பொறந்தவங்க பெரியம்மா, இல்லாட்டி சின்னம்மா. அத்தை மகளைக் கட்டலாம். சின்னம்மா மகளைக் கட்டுறேன்னு சொன்னா லயமே செருப்பைக் கழட்டும். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா, கட்டுற மொறை எது, கட்டாத மொறை எதுன்னு பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கள் ஊரில் இருவரையுமே மணப்பது வழக்கம் இல்லை."

"அப்ப யாரைத்தான் கட்டுவீங்க?"

"அந்நியரை" என்றார்.

முன்பின் தெரியாத வீட்டில் பெண் எடுத்துக் காலம் தள்ளும் அந்த ஜனங்களை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. நான் நோட்டில் தீயா என்பதற்கு நேரே இரண்டு தமிழ்ச் சொல்லையும் எழுதி, பக்கத்தில் 'கவனம்' என்று போட்டேன். அத்தை, மாமன் பிள்ளைகளில் பெண் பிரீமா. மாமியார் சுவேக்ரா. இப்படி முப்பது வார்த்தை ஒரு வாரத்தில் என் வாயில் ஏறிவிட்டது. ஏறியதோடு சும்மா இருக்கவும் முடியவில்லை. தலவாக்கலைப் பட்டணத்தில் துணிக்கடை முஸ்லிம் நானாவிடம் போய், "என்ன தீயோ, சௌக்கியமா?" என்று மாமன் முறை வைத்துக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து, "வாத்தியாருக்குக் காய்ச்சலா?" என்றார்.

பிள்ளைக்காம்பராவுக்கும் போனேன். அவள் இரண்டு தொட்டிலை இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ எனக்குப் பிரீமா" என்றேன்.

"அப்படின்னா?"

"அத்தை மக."

"அத்தை மகன்னே சொல்றது. வாயி வலிக்குதா மச்சான்?" என்று சொல்லிவிட்டு, "சத்தம் போடாதீங்க, இப்பத்தான் தூங்குதுக" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

புத்தகம் எழுதும் வேலை மேல் லயத்திலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுக் காம்பராவுக்கும் முன்னால் உள்ள இஸ்தோப்புத் திண்ணையில் சாமியார் புத்தகத்தை விரித்து உட்காருவார். நான் ஜனங்களைக் கேட்டு, அவர் பாஷையில் சொல்லுவேன். எங்களுக்குப் பெரியப்பா மகன் அண்ணன்தானே. நான் எர்மானோ என்றேன். சின்னம்மா மகள் தங்கச்சி, ஆகவே எர்மானா. பெரியம்மாவும் அம்மாதான், சின்னம்மாவும் அம்மாதான், ஆகவே மாத்ரே. நாலாவது காம்பராவில் சாமியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இம்மனிதருக்குப் பதினோரு சகோதரர். அது இருக்கட்டும். மூன்று தாய் எப்படி?"

"குடுத்து வச்சவரு சாமி" என்றேன்.

அவர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். காம்பராக்காரி பயந்துபோய்த் தேயிலைச் சாயத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, எழுதியதையெல்லாம் அடித்து, ஒரு சட்டம் போட்டார். யாராக இருந்தாலும் முதலில் தகப்பன் வழியா, தாய் வழியா என்று நான் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அவர் எழுதுவார். கடைசியில் என் வழிக்கு வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அவர் எந்த வழி என்று கேட்டாரே தவிர, அது ரத்த உறவா என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று அவர் நினைத்தார். சொல்லத் தேவையில்லை என்று நான் நினைத்தேன். எங்கள் லயத்தில் ஒரே கப்பலில் வந்தவன் அண்ணன், அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் மதினி. உறவு சொல்லாமல் ஒருத்தரைக் கூப்பிட்டால் அவரோடு சண்டை என்று அர்த்தம்.

கடைசியாக எங்கள் வீட்டுப் பக்கம் வந்தோம். என் அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். கீழ் லயத்திலிருந்த அத்தைதான் எனக்குச் சோறு போட்டு, சட்டை துவைத்து, முதுகில் அறைந்து வளர்த்தவள். அவள் காம்பராவில் சாமியார் உட்கார்ந்ததும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தீயா. தகப்பன் வழி. அப்பாவோட சொந்தத் தங்கச்சி" என்றேன். அதோடு விட்டேனா? "எர்மானா தே சு பாத்ரே" என்று அதையே அவர் பாஷையில் முழு வாக்கியமாகவும் சொல்லிக் கொடுத்தேன். சாமியாருக்கே சந்தோஷம்.

"என்னா எழுதுறாரு?" என்று அத்தை கேட்டாள்.

"அத்தைன்னு எழுதுறாரு."

"நல்லா அழுத்தி எழுதச் சொல்லு."

அப்பாவும் அவளும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. சின்னப் பிள்ளைகளாக, இந்தியாவிலிருந்து ஆள் கூட்டி வந்த ஒரே கங்காணியின் கூட்டத்தில் வந்தவர்கள், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும். பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை யாரும் சொன்னதில்லை. நானும் அதை ஒருநாளும் நினைத்ததில்லை. அன்றைக்கும் நினைக்கவில்லை.

இது நடந்து ஒன்றரை வருஷத்தில் அத்தை வீட்டுக்காரருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. குடும்பத்தோடு ஊருக்குப் போவதென்று முடிவாயிற்று. சித்திரையில் கப்பல். மாசியில் தபசு காலம் தொடங்கிவிடும். பாஸ்குத் திருநாள் வரைக்கும் கோவிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் தபசுக்கு முன்னாலேயே எங்கள் கல்யாணத்தை முடித்துவிட நாள் பார்த்தார்கள். முடிந்தால் அவள் இங்கே என்னோடு இருப்பாள். முடியாவிட்டால் அவளும் கப்பலேறிவிடுவாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். முதல் ஓலைக்கு எட்டு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

புத்தகம் விரித்தபடி இருந்தது.

"பெண் உமக்குப் பிரீமா எர்மானா. முதல் முறை இரத்த உறவு. திருச்சபையின் விலக்கு இல்லாமல் நான் மணமுடித்து வைக்க இயலாது. எங்கள் ஆயராகிய மேற்றிராணியாருக்கு எழுத வேண்டும். ஐந்து மாதம் ஆகலாம். ஆறும் ஆகலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அட, ரத்த சொந்தம் இல்லைங்க சாமி. சும்மா மொறைக்குக் கூப்பிடுறதுதான்."

அவர் சிரிக்கவில்லை. நான் சொல்லி அவர் எழுதிய வரியில் விரலை வைத்தார். "சொந்தத் தங்கை என்று நீரே சொன்னீர். தோட்டத்து ஆபீஸ் பதிவிலும் பார்த்துவிட்டேன். அங்கும் தங்கை என்றே இருக்கிறது. நீர் அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?"

இரண்டும் பொய் இல்லை என்பதைச் சொல்ல எனக்கு அவருடைய பாஷையும் போதவில்லை, என்னுடையதும் போதவில்லை. கடைசியில் அவர் இரங்கி ஒரு வழி சொன்னார். அடுத்த சனிக்கிழமை அப்பாவும் அத்தையும் பீடத்துக்கு முன்னால் வந்து, வேதப் புத்தகத்தில் கைவைத்து, நாங்கள் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் மறுநாளே முதல் ஓலை. இவ்வளவுதானா என்று துள்ளிக்கொண்டு மலையேறினேன். வாத்தியாரே, உன் புத்தி அவ்வளவுதான்.

அப்பா லயத்துக்குப் பின்னால் கோவா முட்டைக்கோஸ் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார்.

"என்னா சொல்லணும்?"

"அத்தை ஒங்க தங்கச்சி இல்லேன்னு."

"போடா" என்றார். வாளியைத் தூக்கினார். மறுபடியும் கீழே வைத்தார். "அந்தப் புள்ளைக்கு யாரு மடியில வச்சிக் காது குத்துனாங்க? அது சமைஞ்சப்ப யாரு குச்சு கட்டுனது? யாரு எடுத்த சீலையை உடுத்துச்சு? தாய்மாமன்னு நான் நின்னேனே, அப்ப யாரும் கேக்கலை. இப்ப நீ கட்டிக்கணும்ங்கிறதுக்காக நான் மாமன் இல்லையா?"

"சும்மா ஒரு வார்த்தைதான் அப்பா."

"ஒனக்கு வார்த்தை சும்மா. பாஷை பாஷையாப் படிக்கிறவன்ல."

அத்தையிடம் போனேன். அவளுக்குச் செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. "வாங்க வாத்தியாரே, ஒக்காருங்க" என்றாள். பிறந்ததிலிருந்து மருமகனே என்று கூப்பிட்டவள். சாயத்தண்ணியை, வெளியாட்கள் வந்தால் எடுக்கும் பித்தளைத் தம்ளரில் ஊற்றி, பக்கத்தில் வைக்காமல் கையில் கொடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதை என் மனைவியிடம் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

"அழுத்தி எழுதச் சொன்னேன்ல வாத்தியாரே. அதை இப்ப எப்படி அழிப்பீங்க?"

"அத்தை, சித்திரையில கப்பல்."

"நான்தானே ஏறப்போறேன். எனக்குத் தெரியாதா?"

ஒரு வாரம் இப்படியே போனது. அப்பா என்னோடு பேசவில்லை. அத்தை என்னை வாத்தியாரே என்றே கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை பிள்ளைக்காம்பராவுக்குப் போய் வாசலில் நின்றேன். அவள் ஒரு குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதுனதை நீங்கதான் அழிக்கணும்" என்றாள்.

"எப்படி அழிக்க? ரெண்டு பேரும் மாட்டேங்கிறாங்களே."

"ராத்திரி அம்மாகிட்ட சொல்லிட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னா நான் இங்க இருப்பேன். சொல்லாட்டி ஒங்கூடக் கப்பல்ல வர்றேன். எனக்கு ரெண்டும் சம்மதம்னேன்."

"ரெண்டும் சம்மதமா?"

"பின்னே அம்மாகிட்ட என்னா சொல்லச் சொல்றீங்க? நீங்க இல்லாட்டிச் செத்துருவேன்னா? அது மாதிரியெல்லாம் எனக்குச் சொல்ல வராது மச்சான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூக்கைத் துடைக்கப் போனாள். அந்த 'ரெண்டும் சம்மதம்' உண்மையா என்று ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வருகிறது.

சனிக்கிழமை காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து அரை நாள் வேலை முடிந்ததும், அத்தை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கோவிலுக்கு வந்தாள். அவள் வருகிறாள் என்று கேட்டு அப்பாவும் வந்தார். தொழிற்சாலை இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சாமியார் அப்பாவின் கையை எடுத்து வேதப் புத்தகத்தின்மேல் வைத்தார்.

"இவர் உம்முடைய தங்கையா?"

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். சாமியார் மறுபடியும் கேட்டார். அப்பா புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கல்யாணம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அத்தை அப்பாவின் கையைப் புத்தகத்திலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, தன் கையை வைத்தாள்.

"அவரால சொல்ல முடியாது சாமி. நான் சொல்றேன். மண்டபம் ஊர்ல, கப்பலுக்கு நிறுத்தி வைக்கிற காம்புல வச்சி என் ஆத்தாவும் அப்பனும் பேதியில போயிட்டாங்க. எனக்கு ஆறு வயசு. தனிப் புள்ளையைக் கப்பல்ல ஏத்த முடியாதுன்னாங்க. எங்க திருப்பி அனுப்பியிருப்பாங்களோ, எங்க கெடந்து செத்திருப்பேனோ. கங்காணிதான் இவரைக் காட்டி, இவன் தங்கச்சின்னு எழுதிக்கங்கன்னாரு. எழுதுற ஐயா இவரைப் பார்த்து, ஒன் தங்கச்சியாடான்னு கேட்டாரு. இவருக்கு அப்ப எட்டு வயசு. என்னை அதுக்கு முன்னாடி பார்த்ததுகூட இல்லை. ஆமான்னாரு. அன்னைக்கு ஆமான்னவரு சாமி, இன்னைக்கு எப்படி இல்லேன்னு சொல்லுவாரு? அதனால நான் சொல்றேன். எங்களுக்கு வேற ஆத்தா, வேற அப்பன். ரத்தம் இல்லை."

ரத்தம் இல்லை என்பதைத் தவிர இந்தக் கதை எதுவும் எனக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல் அவள் கையால் தின்றிருக்கிறேன். ஒருநாள்கூடக் கேட்டதில்லை. உறவுச் சொல் முப்பதை ஒரு வாரத்தில் மனப்பாடம் பண்ணியவன்.

சாமியார் அப்பாவைப் பார்த்து, "இது உண்மைதானா?" என்றார். அப்பா தலையை அசைத்தார். ஆமா என்று அசைத்தாரா, இல்லை என்று அசைத்தாரா என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். சாமியார் தனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டார். தன் தடித்த புத்தகத்தைத் திறந்து, தீயா என்ற வார்த்தையின்மேல் ஒரு கோடு இழுத்தார்.

அத்தை எட்டிப் பார்த்தாள். "ஒரே கோட்டுல போயிருச்சே" என்றாள்.

மூன்று ஓலையும் ஒழுங்காக வாசிக்கப்பட்டன. ஆனால் அந்தச் சனிக்கிழமையிலிருந்து அப்பாவும் அத்தையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அவள் அவ்வளவு நேராகச் சொல்லிவிட்டாளே என்று அவருக்கு. அவர் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாரே என்று அவளுக்கு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நான் அப்பாவிடம் போய், "தாய்மாமன் சீர் எதுவும் வேணாம்ப்பா. சாமி பார்த்தா மறுபடியும் சந்தேகப்படுவாரு. நீங்க மாப்பிள்ளைக்கு அப்பனா எம்பக்கம் நின்னாப் போதும்" என்றேன்.

"ரெண்டு மாசத்துல அவ கப்பலேறிருவா" என்றார் அப்பா. "எனக்கு மிச்சம் அந்த ரெண்டு மாசந்தான். அதையும் நீ எழுதி வாங்கிட்ட."

கல்யாணத்தன்று காலையில் அப்பாவைக் காணோம். கோபித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார் என்று நினைத்து, எனக்கும் கோபம் வந்து, நான் மட்டும் கோவில் வாசலில் போய் நின்றேன். சாமியார் பக்கத்தில் நின்றார். கீழே தேயிலைக்கு நடுவில் பெண் வீட்டுக் கூட்டம் தப்படித்துக்கொண்டு ஏறி வந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலி முடக்கில் அந்தக் கூட்டம் திடீரென்று நின்றது. தப்பும் நின்றது. அங்கே புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஒருத்தர் வழியில் நிற்பது தெரிந்தது. தோளில் தாம்பாளம். அதில் சேலை, தேங்காய், பழம், வளையல். தாய்மாமன் சீர். என் அப்பா.

அத்தை அவருக்கு எதிரில் நின்றாள். அங்கே என்ன பேசினார்கள் என்று மேலே நின்ற எனக்குக் கேட்கவில்லை. என் மனைவிதான் பிறகு சொன்னாள். அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதானாம். "நட தங்கச்சி, பனி எறங்குது."

தப்பு மறுபடியும் கேட்டது. அப்பா முன்னால், அத்தை பின்னால், பெண் வீட்டார் எல்லாரும் ஏறி வந்தார்கள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"உம்முடைய தகப்பனார் ஏன் அந்தப் பக்கம் வருகிறார்?" என்று சாமியார் கேட்டார்.

தாம்பாளம் தூக்க ஆள் இல்லாததால் என்று சொல்லியிருக்கலாம். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நான் படித்த அத்தனை வார்த்தையிலும் ஒன்றுதான் வாயில் வந்தது.

"தீயோ" என்றேன்.

சாமியார் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அத்தையின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் செபம் சொல்லிக்கொண்டு நின்றேன். பிறகு அவர் இரண்டு படி இறங்கிப்போய் அப்பாவின் தாம்பாளத்துக்கு ஒரு கை கொடுத்து, "உள்ளே வாரும் மாமா" என்றார்.

கோவிலில் என் பக்கத்து முன் பெஞ்சு காலியாகக் கிடந்தது. அப்பா அந்தப் பக்கம், தங்கச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து சாமியார் தன் புத்தகத்தை எடுத்து, கோடு இழுத்த வார்த்தைக்கு மேலே சுவேக்ரா என்று எழுதினார்.

"இப்ப என்னா எழுதுறாரு?" என்று அத்தை கேட்டாள்.

"அத்தைன்னுதான்" என்றேன். மாமியாரை நாங்கள் வேறு எப்படிக் கூப்பிடுகிறோம்?

"அழுத்தி எழுதச் சொல்லு மருமகனே" என்றாள்.

சித்திரையில் தலவாக்கலை ஸ்டேஷனில் அவர்களை ரயில் கோச்சி ஏற்றப் போனோம். அப்பா கப்பல் துறையான தலைமன்னார் வரைக்கும் கூடப் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. கோச்சி கிளம்புகிற நேரம் என் மனைவி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கப்பலுக்கும் எனக்கும் சமமாகச் சம்மதம் சொன்னவள் அப்படி அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் முன்னால் போய், "நான் பார்த்துக்கிறேன் அத்தை, நீங்க கவலைப்படாதீங்க" என்றேன்.

அத்தை என்னைக் கவனிக்கவே இல்லை. மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "எதுக்கு அழுவுற?" என்றாள். "ஒன் மாமன் இங்கதானே இருக்காரு."